ஒருமுறை கிழிந்தால் மறுமுறை சிசேரியனா?

முதல் பிரசவத்தில் ஆசனவாய்த் தசை வரை கிழிந்துபோன ஒரு பெண் மீண்டும் கருவுற்றால், அடுத்த குழந்தையை எப்படிப் பெற்றெடுப்பது என்று அவர் கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிடுகிறது: "இந்தத் தடவை சிசேரியன்தான்." முன்பு அவர் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்த தாயார் சொல்கிறார், கணவர் சொல்கிறார், பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரியைப் படித்ததும் மருத்துவரும் அதையே சொல்லிவிடுகிறார். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பட்ட இடத்திலேயே மறுபடி படக்கூடாது என்ற அக்கறைதான் எல்லோரையும் இப்படிப் பேச வைக்கிறது. ஆனால் அக்கறையோடு எடுக்கப்படுவதாலேயே ஒரு முடிவு சரியான முடிவாகிவிடாது. பழைய கிழிசல் ஒன்றை மட்டும் காரணமாக வைத்து எல்லோருக்கும் சிசேரியன் என்பது, ஆய்வுகள் தாங்கிப் பிடிக்காத ஒரு விதி. அந்தத் தசை இன்று எப்படி வேலை செய்கிறது, அந்தப் பெண்ணுக்கு இன்று என்ன தொல்லை இருக்கிறது, அவர் எதை விரும்புகிறார், எதற்கு அஞ்சுகிறார் என்பவையே முடிவுக்கு அடிப்படையாக வேண்டும். இவற்றைக் கேட்காமல் தேதி குறிக்கப்படும் சிசேரியன் சில பெண்களுக்குத் தேவையற்ற அறுவை. இவற்றைக் கேட்காமல் "ஆறிப்போச்சு, பயப்படாதே" என்று பிரசவ அறைக்கு அனுப்புவது வேறு சில பெண்களுக்கு வாழ்நாள் கேடு. இரண்டு தவறுகளும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

வாதத்துக்குப் போகும் முன் இந்தக் காயம் எப்படிப்பட்டது என்பது தெளிவாக வேண்டும். பிரசவத்தில் தோல் மட்டும் கிழிவது முதல் நிலை. பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடையிலுள்ள தசைகள் கிழிவது இரண்டாம் நிலை. இவை மிகச் சாதாரணம், பெரும்பாலும் நன்றாக ஆறுபவை. ஆசனவாயை மூடிவைக்கும் சுருக்குத் தசை கிழிந்தால்தான் மூன்றாம் நிலை. அப்துல் சுல்தான் என்ற மருத்துவர் 1999இல் வகுத்த முறை இதை மேலும் மூன்றாகப் பிரிக்கிறது: வெளிச் சுருக்குத் தசையில் பாதிக்கும் குறைவாகக் கிழிந்தது, பாதிக்கு மேல் கிழிந்தது, வெளித் தசையோடு உட்தசையும் கிழிந்தது. குடலின் உட்புறச் சவ்வு வரை கிழிவது நான்காம் நிலை. வெளித் தசை நம் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டது. மலம் வரும் உணர்வு வந்த பிறகு சற்று நேரம் அடக்கிவைக்க உதவுவது அதுதான். உட்தசை நம்மைக் கேட்காமலே இயங்குவது. தூக்கத்திலும் ஆசனவாயை மூடிவைப்பது. முதலாவது பழுதானால் கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கும். இரண்டாவது பழுதானால் தெரியாமலே கசியும். ஆகவே "முன்பு பெரிய கிழிசல்" என்ற ஒரே சொற்றொடருக்குள் ஒருவரோடு ஒருவர் ஒப்பிடவே முடியாத பெண்கள் அடங்கியிருக்கிறார்கள். தசையில் கால்வாசி கிழிந்து, நன்றாகத் தைக்கப்பட்டு, எந்தத் தொல்லையும் இல்லாமல் இருப்பவரும் அதில் உண்டு. குடல் வரை கிழிந்து, இன்றும் வீட்டை விட்டு வெளியே கிளம்பும்போது கழிவறை எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்பவரும் உண்டு. இவ்விருவருக்கும் ஒரே மருந்துச் சீட்டு எப்படிப் பொருந்தும்?

சிசேரியன் விதியை ஆதரிப்பவர்களிடம் வலுவான ஒரு கணக்கு இருக்கிறது. அதை மறைக்காமல் முன்வைக்க வேண்டும். இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் 2004 முதல் 2011 வரை முதல் குழந்தையைப் பெற்ற லட்சக்கணக்கான பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த ஆய்வில், முதல் பிரசவத்தில் கடும் கிழிசல் கண்டவர்களில் 7.2 சதவீதத்தினருக்கு இரண்டாவது பிரசவத்திலும் அது நேர்ந்தது. முன்பு கிழியாதவர்களில் இது 1.3 சதவீதம் மட்டுமே. டென்மார்க்கில் முதல் பிரசவத்தில் இக்காயம் அடைந்து இரண்டாவதையும் பிறப்புறுப்பு வழியே பெற்ற 7,336 பெண்களில் 521 பேருக்கு, அதாவது 7.1 சதவீதத்தினருக்கு, அது மீண்டும் வந்தது. இரு நாடுகளின் கணக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. "ஐந்து மடங்குக்கு மேல் ஆபத்து" என்று இதைச் சொன்னால் யாருக்கும் உள்ளம் நடுங்கும். ஆனால் அதே எண்ணை இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, அந்நாட்டில் முதன்முறை பிறப்புறுப்பு வழியே பெறுபவர்களில் 6.1 சதவீதத்தினருக்கு இந்தக் கடும் கிழிசல் நேர்கிறது. கணக்கெடுத்த முறைகள் வேறுவேறு என்பதால் தசமப் புள்ளி வரை ஒப்பிட முடியாது. இருந்தாலும் செய்தி தெளிவு. முன்பு கிழிந்த பெண் இரண்டாவது பிரசவத்தில் எதிர்கொள்வது, முதல் பிரசவத்துக்குப் போகும் எந்தப் பெண்ணும் எதிர்கொள்வதற்கு நெருக்கமான ஆபத்தைத்தான். முதல் பிரசவத்துக்கு வரும் எல்லோருக்கும் சிசேரியன் செய்துவிட வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. அந்த அளவு ஆபத்தை அங்கே ஏற்கத்தக்கது என்று கொள்பவர்கள், இங்கே மட்டும் ஏற்கவே முடியாதது என்று சொல்வதற்குக் கூடுதல் காரணம் ஒன்று காட்ட வேண்டும்.

அந்தக் கூடுதல் காரணமாக அவர்கள் சொல்வது இது: ஏற்கெனவே பழுதான தசை மறுபடி கிழிந்தால் மலத்தை அடக்கும் ஆற்றலே போய்விடும். இந்த அச்சத்தில்தான் விவாதத்தின் முடிச்சு இருக்கிறது. சிசேரியன் செய்தால் கிழிசல் மறுபடி வராது, அதில் ஐயமில்லை. ஆனால் ஒரு பெண் தவிர்க்க விரும்புவது கிழிசல் என்ற நிகழ்வை மட்டுமல்ல. அதற்குப் பின் வரும் கசிவை, அவசரத்தை, அடக்க முடியாத வாயுவை, அவை தரும் கூச்சத்தை அவர் தவிர்க்க விரும்புகிறார். காயத்தைத் தடுப்பது வேறு, காயத்தின் பின்விளைவைத் தடுப்பது வேறு. முதலாவதைச் சிசேரியன் செய்கிறது என்பதால் இரண்டாவதையும் செய்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பிரான்ஸில் நடந்த ஆய்வு ஒன்றில், முதல் பிரசவத்தில் சுருக்குத் தசையில் பழுது ஏற்பட்டு, ஸ்கேனில் அது தெரிந்தும், தொல்லை இல்லாமல் இருந்த 222 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குத் திட்டமிட்ட சிசேரியன், மறு பிரிவுக்குப் பிறப்புறுப்பு வழிப் பிரசவம். ஆறு மாதம் கழித்து மலத்தையும் வாயுவையும் அடக்கும் ஆற்றலை அளந்தபோது இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. 2021இல் வெளிவந்த முடிவு இது. சிசேரியன் பயன் தந்திருக்க வேண்டிய பெண்களைத் தேடிப் பிடித்துச் சோதித்த பிறகும் அந்தப் பயன் வெளிப்படவில்லை.

"ஆறு மாதம் ஒரு காலமா? தொல்லை பத்து, இருபது ஆண்டு கழித்துத்தானே வரும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு டென்மார்க் ஆய்வாளர்கள் ஓரளவு பதில் வைத்திருக்கிறார்கள். முதல் பிரசவத்தில் இக்காயம் அடைந்த 1,978 பெண்களிடம், இரண்டாவது பிரசவம் முடிந்து குறைந்தது ஐந்தாண்டுகள் ஆன பின் அவர்கள் கேட்டுப் பார்த்தார்கள். 2016இல் வெளியான அந்த முடிவில், பிறப்புறுப்பு வழியே பெற்ற 1,472 பேரில் 38.9 சதவீதத்தினருக்கும், திட்டமிட்டுச் சிசேரியன் செய்துகொண்ட 506 பேரில் 53.2 சதவீதத்தினருக்கும் வாயுவையோ மலத்தையோ அடக்குவதில் ஏதோ ஒரு தொல்லை இருந்தது. சிசேரியன்தான் தொல்லையைக் கூட்டியது என்று இதைப் படிக்கக் கூடாது. முன்பே தொல்லை இருந்தவர்கள் சிசேரியனை நாடியதால் அந்தப் பிரிவில் எண்ணிக்கை கூடியது. அந்த வேறுபாட்டைக் கழித்துக் கணக்கிட்டபோது, எந்த வழியில் பெற்றார்கள் என்பதால் நீண்டகாலத் தொல்லையில் பொருட்படுத்தத்தக்க மாற்றம் தெரியவில்லை. இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு உண்மை துலங்குகிறது. ஒரு பெண்ணின் எதிர்காலத்தைப் பெரிதும் வரையறுப்பது முதல் காயம் எவ்வளவு ஆழம், எவ்வளவு நன்றாகத் தைக்கப்பட்டது, அதன் பின் அவருக்கு என்ன தொல்லை என்பவை. கர்ப்பமும் வயதும் மாதவிடாய் நிற்பதும் எல்லாப் பெண்களின் இடுப்புத் தளத் தசைகளையும் தளர்த்துகின்றன. சிசேரியன் இவற்றில் எதையும் நிறுத்துவதில்லை. ஏற்கெனவே அறுந்த இழையை அது ஒட்டவைப்பதுமில்லை.

இதை நூறு பெண்களைக் கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம். முன்பு கடும் கிழிசல் கண்ட நூறு பேருக்கும் சிசேரியன் செய்தால், ஏழு பேருக்கு மறுபடி கிழிவதைத் தடுக்கிறோம். ராயல் கல்லூரியின் வழிகாட்டுதல் சொல்வதுபோல, வெளிச் சுருக்குத் தசை தைக்கப்பட்டவர்களில் 60 முதல் 80 சதவீதத்தினர் ஓராண்டில் தொல்லை எதுவுமின்றி இருக்கிறார்கள். இரண்டாம் முறை கிழியும்போது இந்த விகிதம் இதைவிட மோசமாகலாம் என்று வைத்துக்கொண்டாலும், அந்த ஏழு பேரில் நீடித்த தொல்லைக்கு ஆளாகக்கூடியவர்கள் மூன்று நான்கு பேர். மீதியுள்ள தொண்ணூற்றுச் சொச்சம் பெண்களுக்கு வயிற்றையும் கருப்பையையும் வெட்டியதற்குக் கைமாறாக ஆசனவாய்க் கட்டுப்பாட்டில் எந்தப் பலனும் கிடைக்காது. அந்த மூன்று நான்கு பேரின் துன்பம் சிறியது என்று நான் சொல்லவில்லை. வேலைக்குப் போக முடியாமல், கல்யாணம் காட்சிக்குப் போக முடியாமல், கணவரிடம்கூடச் சொல்ல முடியாமல் முடங்கிப்போகும் வாழ்க்கை அது. அந்தச் சிலர் யாராக இருக்கக்கூடும் என்று முன்கூட்டியே கண்டறிய வழி இருக்கும்போது, அதைச் செய்யாமல் நூறு பேரையும் அறுவை மேசைக்கு அனுப்புவதைத்தான் தவறு என்கிறேன்.

அந்த வழி இருக்கிறது. டப்ளினில் நடந்து 1999இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வு இரண்டாவது பிரசவத்துக்கு முன்னும் பின்னும் 59 பெண்களைப் பரிசோதித்தது. முதல் பிரசவத்துக்குப் பின் கொஞ்ச காலமாவது கட்டுப்பாடு இழந்திருந்தவர்களுக்கும், வெளியே தெரியாத தசைப் பழுது இருந்தவர்களுக்கும் இரண்டாவது பிரசவத்துக்குப் பின் நிலைமை மோசமாகும் ஆபத்து கூடுதல் என்று அது காட்டியது. சிசேரியன் விதியை ஆதரிப்பவர்கள் இந்த ஆய்வைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்காட்டுவது உண்டு. கவனித்துப் படித்தால் அது என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது: ஆபத்து எல்லோருக்கும் சமமாக இல்லை, யாருக்கு இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க முடியும். லண்டனின் குராய்டன் மருத்துவமனையில் சுல்தானும் ரனீ தாக்கரும் இதை நடைமுறையாகவே ஆக்கினார்கள். ஆசனவாய் வழியாக எடுக்கும் ஸ்கேனில் தசை வட்டத்தில் 30 பாகைக்கு மேல் இடைவெளி தெரிந்தாலோ, இறுக்கிப் பிடிக்கும்போது அழுத்தம் 20 மில்லிமீட்டர் பாதரசம்கூட உயராவிட்டாலோ, அவர்களுக்குச் சிசேரியன் பரிந்துரை. மற்றவர்களுக்குப் பிறப்புறுப்பு வழிப் பிரசவம். அப்படிப் பிரித்து அனுப்பப்பட்டவர்களில், பிறப்புறுப்பு வழியே பெற்றவர்களின் நிலை பிரசவத்துக்குப் பின் குறிப்பிடும்படி மோசமாகவில்லை. ராயல் கல்லூரியின் வழிகாட்டுதலும், தொல்லை உள்ளவர்களிடமும் பரிசோதனையில் குறை தெரிந்தவர்களிடமும் சிசேரியன் என்ற வாய்ப்பை எடுத்துச் சொல்ல வேண்டும் என்கிறது. ஆம், இவர்களுக்குச் சிசேரியன் சரியான வழியாக இருக்கக்கூடும். அதைத் தயங்காமல் சொல்வேன்.

"சிசேரியன் இன்று எவ்வளவு பாதுகாப்பான அறுவை! அதில் என்ன இழப்பு?" என்பது அடுத்த மறுப்பு. பாதுகாப்பானதுதான், உயிர்காக்க வேண்டிய நேரத்தில் அதற்கு ஈடில்லை. ஆனாலும் அது பெரிய வயிற்று அறுவை. இரத்தப் போக்கு, தொற்று, கால் இரத்த நாளங்களில் இரத்தம் உறைவது, உள்ளே உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது ஆகியவை அதன் உடன்பிறப்புகள். கருப்பையில் விழும் தழும்பு அடுத்த கர்ப்பத்தில் பேசும். அமெரிக்காவில் நடந்து 2006இல் வெளிவந்த பெரிய ஆய்வில், நஞ்சுக்கொடி கீழிறங்கி இருந்த பெண்களில், முதல் சிசேரியனின்போது 3 சதவீதத்தினருக்கும், இரண்டாவதில் 11 சதவீதத்தினருக்கும், மூன்றாவதில் 40 சதவீதத்தினருக்கும் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவருக்குள் புதைந்திருந்தது. கருப்பையையே எடுக்க நேரும் நிலை அது. "தமிழ்நாட்டில் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறோம், மூன்றாவது எங்கே வரப்போகிறது?" என்று சொல்வதில் உண்மை உண்டு. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இங்கே ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள் 1.8தான். ஆகவே எதிர்காலக் கர்ப்பம் பற்றிய அச்சம் பலருக்கு இங்கே குறைவு. ஆனால் ஆபத்து சிறியது என்பது ஒரு அறுவையைச் செய்வதற்கான காரணம் ஆகாது. அதனால் பலன் உண்டு என்பதுதான் காரணமாக முடியும். தொல்லையற்ற பெண்ணுக்கு அந்தப் பலன் இருப்பதாக மேலே சொன்ன ஆய்வுகள் காட்டவில்லை. பலன் காட்டாத ஒன்றுக்கு, வீட்டில் ஓடியாடும் மூத்த குழந்தையைத் தூக்க முடியாமல் வாரக்கணக்கில் வயிற்றுத் தையலோடு கிடப்பதுகூட அதிக விலைதான்.

"இதெல்லாம் லண்டனுக்குச் சரி, நம் ஊரில் ஆசனவாய் ஸ்கேன் எங்கே இருக்கிறது?" என்பது மருத்துவர்கள் வைக்கும் மறுப்பு. ஆசனவாய் வழி ஸ்கேனும் அழுத்தமானியும் பெரிய நகரங்களின் குடல்நோய்ப் பிரிவுகளைத் தாண்டி எளிதில் கிடைப்பதில்லை என்பது உண்மை. ஆனால் முடிவுக்கு வேண்டிய தகவலில் பெரும்பகுதி கேட்பதாலேயே கிடைத்துவிடும். வாயு தானாகப் பிரிகிறதா? உள்ளாடையில் கறை படிகிறதா? அவசரம் வந்தால் எத்தனை நிமிடம் அடக்க முடிகிறது? அதற்காக வெளியே போவதைத் தவிர்க்கிறீர்களா? இந்த நான்கு கேள்விகளுக்கு ஐந்து நிமிடம் போதும். கையுறை அணிந்த விரலால் தசையின் இறுக்கத்தைச் சோதிக்க எந்த மகப்பேறு மருத்துவரும் அறிவார். கர்ப்பிணிகளின் வயிற்றில் வைக்கும் அதே வளைந்த ஸ்கேன் கருவியைப் பிறப்புறுப்புக்குக் கீழே வைத்துச் சுருக்குத் தசையைப் பார்க்கவும் முடியும். அதற்கு வேண்டியது புதிய இயந்திரமல்ல, பயிற்சி. கருவி இல்லை என்பதைக் காரணம் காட்டி, கருவியே தேவைப்படாத கேள்வியைக்கூடக் கேட்காமல் விடுவது நியாயமாகாது.

அந்தக் கேள்விகளைக் கேட்காததன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சிசேரியன் விதிக்கு எதிராக நான் எழுதுவதைப் படித்துவிட்டு, "அதுதான் சொன்னோமே, முதல் குழந்தை பிறந்த வழியிலேயே இரண்டாவதும் வந்துவிடும்" என்று மகிழ்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. அவர்களும் கிழிசலின் வரலாற்றைப் பார்க்கிறார்களே தவிர, பெண்ணைப் பார்ப்பதில்லை. மலம் கசிவதைப் பெற்ற தாயிடம்கூடச் சொல்ல நம் பெண்கள் கூசுகிறார்கள். சொன்னாலும், "பிள்ளை பெத்தா அப்படித்தான் இருக்கும், போகப்போகச் சரியாகும்" என்பதே பதில். தொல்லை இருக்கிறதா என்று யாரும் கேட்காததால் அவர் தொல்லை இல்லாதவர் என்று பதிவாகிறார். அந்தப் பதிவை நம்பிப் பிரசவ அறைக்கு அனுப்பப்படுகிறார். பெரும்பாலோர்க்குப் பிறப்புறுப்பு வழிப் பிரசவம் பொருந்தும் என்ற என் வாதம், உண்மையாகவே தொல்லை இல்லாதவர்களைப் பற்றியது. வெட்கத்தால் வாய்மூடி இருப்பவரைத் தொல்லையற்றவர் என்று எண்ணினால் அந்த வாதம் அவருக்கே எதிரான ஆயுதமாகிவிடும். ஆகையால் கேட்கும் பொறுப்பு மருத்துவருடையது. தானாக வந்து சொல்லும் சுமையைப் பெண்ணின் மேல் ஏற்றக் கூடாது.

பிறப்புறுப்பு வழியைத் தேர்ந்தெடுத்தால் போதாது. அந்தப் பிரசவம் எப்படி நடக்கிறது என்பதும் ஆபத்தின் அளவை மாற்றுகிறது. முன்பு கிழிந்தது என்பதாலேயே இம்முறை பிறப்புறுப்பின் வாயை முன்கூட்டி வெட்டிவிடுவது ஒரு வழக்கம். அப்படி முன்னெச்சரிக்கையாக வெட்டுவதால் பயன் உண்டா என்பது நிறுவப்படவில்லை என்றும், தேவை எழுந்தால் மட்டுமே வெட்ட வேண்டும் என்றும் ராயல் கல்லூரி சொல்கிறது. வெட்ட நேர்ந்தால் நேர்கீழாக வெட்டக் கூடாது. அது ஆசனவாயை நோக்கியே கிழிசலைக் கொண்டுசெல்லும். தலை இறங்கித் தோல் விரிந்து நிற்கும்போது நடுக்கோட்டிலிருந்து 60 பாகை சரிவாக வெட்ட வேண்டும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை அந்த இடத்தில் வைத்துப் பிடிப்பது கடும் கிழிசலைக் குறைக்கிறது என்று காக்ரேன் தொகுப்பாய்வு காட்டியிருக்கிறது. இதற்குச் செலவே இல்லை. தலை வெளிவரும் கடைசி நிமிடங்களில் "முக்கு, முக்கு" என்று விரட்டாமல், ஒரு கையால் தலையின் வேகத்தைக் கட்டுப்படுத்தி, மறு கையால் கீழ்த் தசையைத் தாங்கி மெதுவாக வரவிடும் முறையைச் செவிலியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் கற்றுக்கொடுத்த நார்வே மருத்துவமனைகளில், இக்காயம் 4, 5 சதவீதத்திலிருந்து 1, 2 சதவீதத்துக்கு இறங்கியது. குழந்தையின் எடை கூடுவதும் ஆயுதப் பிரசவமும் மறுபடி கிழியும் ஆபத்தைக் கூட்டுகின்றன. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்குச் சர்க்கரைப் பரிசோதனை வழக்கமாகிவிட்டது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது குழந்தை அளவுக்கு மீறிப் பருக்காமல் தடுக்கும் வழிகளில் ஒன்று. ஃபோர்செப்ஸ் வைக்க வேண்டிய நிலை வந்தால் அதற்கு இணங்குவதா, சிசேரியனுக்கு மாறுவதா என்பதை வலி தொடங்குவதற்கு முன்பே பெண்ணோடு பேசி எழுதிவைக்கலாம். பிரசவ முறையை முடிவுசெய்வது என்பது இரண்டு பெட்டிகளில் ஒன்றை 'டிக்' செய்வதோடு முடிவதில்லை.

இனி, எல்லாவற்றிலும் கனமான மறுப்பு. "பரிசோதனையில் தசை சரியாக இருக்கிறது, தொல்லையும் இல்லை, ஆனாலும் எனக்குப் பயமாக இருக்கிறது, மறுபடி அந்த வழியில் போக முடியாது" என்று ஒரு பெண் சொன்னால்? அவருக்குச் சிசேரியன் செய்ய வேண்டும். அதற்கு அவருடைய அந்த ஒரு சொல்லே போதிய காரணம். இதனால் என் வாதம் உடைந்துவிடவில்லை. நான் எதிர்ப்பது சிசேரியனையல்ல. பெண்ணைக் கேட்காமல், அவருக்குச் செய்தியைச் சொல்லாமல் எடுக்கப்படும் முடிவை. தெரிந்து மறுப்பதும் தெரியாமல் இணங்குவதும் ஒன்றாகாது. ஸ்காட்லாந்தில் நீரிழிவு இருந்த ஒரு கர்ப்பிணியிடம் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்தை மருத்துவர் சொல்லவில்லை. சொன்னால் பெண்கள் சிசேரியன் கேட்பார்கள், அது அவர்களுக்கு நல்லதல்ல என்பது மருத்துவரின் எண்ணம். மான்ட்கோமரி வழக்கில் 2015இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அந்த மௌனத்தை ஏற்கவில்லை: அந்த நோயாளியின் நிலையில் இருப்பவர் முக்கியமாகக் கருதக்கூடிய ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் சொல்லியே ஆக வேண்டும் என்றது. இந்திய உச்ச நீதிமன்றமும் 2008இல் சமீரா கோலி வழக்கில், சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், ஆபத்துகள் ஆகியவற்றைப் போதிய அளவு விளக்கிப் பெறும் ஒப்புதலே செல்லும் என்று தீர்ப்பளித்தது. 7 சதவீதம் என்ற எண்ணையும், தொல்லையற்றவர்களுக்குச் சிசேரியனால் கூடுதல் பலன் தெரியவில்லை என்ற உண்மையையும், அறுவையின் விலையையும் சேர்த்துச் சொன்ன பிறகு அவர் எதைத் தேர்ந்தாலும் அது அவருடைய முடிவு. இவற்றில் எதையும் சொல்லாமல் வாங்கும் கையெழுத்து வெறும் மைதான்.

இவ்வளவு இருந்தும் சிசேரியன் விதி ஏன் இத்தனை எளிதாக நிலைக்கிறது? அது மருத்துவரை விளக்கம் சொல்லும் வேலையிலிருந்து விடுவிக்கிறது. பிறப்புறுப்பு வழியில் மறுபடி கிழிந்தால் "தெரிந்திருந்தும் ஏன் விட்டீர்கள்?" என்று கேட்பார்கள், சிசேரியனில் சிக்கல் வந்தால் "எல்லா முயற்சியும் செய்தார்கள்" என்பார்கள். பழி எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கமே முடிவு சாய்வது மனித இயல்பு. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம். இந்தியா முழுமைக்குமான சராசரி 21.5 சதவீதம். சிசேரியன் இவ்வளவு இயல்பாகிவிட்ட ஒரு மாநிலத்தில், அதை நாடுவதற்கு ஒரு காரணம் கிடைத்தால் அதைக் கேள்வி கேட்க யாருக்கும் தோன்றாது. மருத்துவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது இங்கே என் நோக்கமல்ல. ஒரு புறநோயாளிப் பிரிவில் காலையிலிருந்து நூறு பேரைப் பார்ப்பவருக்கு ஆளுக்கு அரை மணி நேரம் கொடுக்க முடியாது என்பது தெரிந்ததே. ஆனால் நேரமின்மை ஒரு நிர்வாகக் குறை. அதை ஒரு மருத்துவ விதியாக வேடமிட்டுப் பெண்ணின் உடலில் எழுதக் கூடாது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. ஒவ்வொரு பிரசவத்துக்குப் பின்னும் ஆசனவாயைச் சோதித்து, கிழிசலின் நிலையை முழுமையாக எழுதி, அதைப் பெண்ணிடமே சொல்லி, காகிதத்தில் கொடுத்து அனுப்ப வேண்டும். தனக்கு நேர்ந்தது என்ன என்று தெரியாத ஒருவர் அடுத்த முறை என்ன கேட்பது என்றும் அறியமாட்டார். ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் அழைத்து அந்த நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். தொல்லை இருந்தால் தசைப் பயிற்சிக்கும் குடல்நோய் நிபுணரிடமும் அனுப்ப வேண்டும். மறுபடி கருவுற்றதும், கடைசி மாதம் வரை தள்ளாமல், நடு மாதங்களிலேயே உட்கார்ந்து பேச வேண்டும். தொல்லையோ தசைக் குறையோ உள்ளவருக்குச் சிசேரியனை முதலில் முன்வைக்க வேண்டும். இரண்டும் இல்லாதவருக்குப் பிறப்புறுப்பு வழியை நம்பிக்கையோடு முன்வைக்க வேண்டும். இருவரின் சொல்லையும் இறுதிச் சொல்லாக ஏற்க வேண்டும். "ஒருமுறை கிழிந்தால் மறுமுறை சிசேரியன்" என்ற விதி இந்த வேலைகள் எல்லாவற்றுக்கும் விடுமுறை கொடுத்துவிடுகிறது. அந்த விடுமுறையை எடுத்துக்கொள்ளும் உரிமை மருத்துவமனைக்கும் இல்லை, குடும்பத்துக்கும் இல்லை. அடுத்த முறை ஒரு மருத்துவர் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை விரித்து "சிசேரியன்" என்று எழுதப் போகும்போது, எதிரே இருக்கும் பெண் கேட்கட்டும்: "இப்போது என் தசை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறீர்களா?" அதற்குப் பதில் சொல்ல முடியாத எந்தப் பரிந்துரையும், அது சிசேரியனாக இருந்தாலும் சரி, பிறப்புறுப்பு வழியாக இருந்தாலும் சரி, இன்னும் பரிந்துரை ஆகவில்லை.